பாதியில் நிற்கும் பாத்ரூமும் போன் எடுக்காத மேஸ்திரியும்

கேள்வி இதுதான். கொடுங்கையூரில் அப்பா கட்டிய வீடு. ஒரே பாத்ரூம். அதை இடித்துப் புதிதாக்கவும், மொட்டைமாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்யவும் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரியிடம் 1,80,000 ரூபாய்க்கு மொத்தமாகப் பேசியிருக்கிறார்கள். டைல்ஸ், கிளாசெட், குழாய்கள் வீட்டுக்காரர் பொறுப்பு. மணல், சிமெண்ட், பைப், கூலி எல்லாம் மேஸ்திரி பொறுப்பு. மூன்று தவணையாக 1,20,000 கொடுத்தாயிற்று. பாத்ரூமை இடித்து, பைப் பதித்து, சுவர் பூசி, ஒரு சுவரில் டைல்ஸ் ஒட்டியதோடு வேலை நின்றுவிட்டது. போன் எடுத்தால் "நாளைக்குக் காலையில ஆள் வந்துரும்" என்கிறார். பாதி நாள் எடுப்பதே இல்லை. இப்போது மாடிக்குக் கெமிக்கல் வாங்க இன்னும் 25,000 கேட்கிறார். அம்மா பக்கத்து வீட்டுப் பாத்ரூமுக்குப் போய் வருகிறார். பணம் கொடுக்கலாமா, போலீசுக்குப் போகலாமா, அவர் விட்டுப்போன கட்டிங் மெஷினையும் சாரத்தையும் பிடித்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் 25,000 பற்றி. கொடுக்காதீர்கள். பாத்ரூம் முடியாத நிலையில் மாடிக்குப் பணம் கேட்கிறார் என்றால், அந்தப் பணம் உங்கள் மாடிக்கு வராது. பல வருடமாக வடசென்னையில் பழைய வீடுகளின் ரிப்பேர் வேலையை மேற்பார்வை பார்த்து வருகிறேன். ஓட்டேரியிலிருந்து திருவொற்றியூர் வரை இந்தக் கதை ஒரே மாதிரிதான் நடக்கிறது. மேஸ்திரிக்குச் சனிக்கிழமை வந்தால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். கையில் பணம் இல்லை. புதிதாக ஒரு வேலையை ஒப்புக்கொண்டு, அந்த அட்வான்ஸை வாங்கிப் பழைய வேலையின் கூலியைத் தீர்ப்பார். பிறகு அந்தப் புது வீட்டுக்கு ஆள் அனுப்ப இன்னொரு வீட்டில் அட்வான்ஸ் வாங்குவார். தை, ஆவணி மாதங்களில் கிரகப்பிரவேசம் வைத்திருப்பவர்கள் நெருக்குவார்கள். யார் அதிகம் கத்துகிறார்களோ, யாரிடம் அடுத்த தவணை காத்திருக்கிறதோ, அங்கே ஆள் போகும். உங்கள் 1,80,000-இல் மூன்றில் இரண்டு பங்கு அவர் கைக்குப் போய்விட்டது. மீதி இருப்பதோ கஷ்டமான வேலை. உங்கள் வீட்டுக்கு வருவதால் அவருக்கு வரப்போவது குறைவு, வராமல் இருப்பதால் போவது ஒன்றுமில்லை. இந்த நிலையை மாற்றுவதுதான் நீங்கள் செய்ய வேண்டிய ஒரே காரியம்.

அவரைத் திருடன் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. ஆனால் நல்லவரா கெட்டவரா என்று தெரிந்துகொள்வதில் உங்களுக்கு இப்போது லாபம் இல்லை. சித்தப்பா மனம் கோணும் என்று தயங்குவதும் புரிகிறது. கணக்கு கேட்பது சண்டை இல்லை. சித்தப்பாவையே கூட உட்கார வையுங்கள்.

நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பாத்ரூமில் எதையும் தொடாமல் வீடியோ எடுங்கள். வாசலில் ஆரம்பித்து மெதுவாக உள்ளே போய், ஒவ்வொரு சுவர், தரை, பைப் வாய், மூலையில் கிடக்கும் மூட்டை எல்லாவற்றையும் காட்டுங்கள். பிறகு எண்ணுங்கள். டைல்ஸ் எத்தனை பெட்டி வாங்கினீர்கள், எத்தனை ஒட்டியிருக்கிறது, எத்தனை உடைந்திருக்கிறது, எத்தனை பெட்டி மிச்சம். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பேட்ச் நம்பரையும் படம் எடுத்து வையுங்கள். மறுபடி வாங்க நேர்ந்தால் வேறு பேட்ச் வந்து நிறம் தப்பிவிடும். சிமெண்ட் மூட்டை வெறும் தரையில் கிடந்தால் உடனே பலகை மேல் ஏற்றி பிளாஸ்டிக் போட்டு மூடுங்கள். நம் பகுதி ஈரத்துக்கு அது சீக்கிரம் கட்டி தட்டிப் போகும்.

அப்புறம் உங்கள் தெரு முனை ஹார்டுவேர் கடைக்கு, அதாவது அவர் மணல் சிமெண்ட் எடுத்த கடைக்கு, நேரில் போங்கள். இதைப் பலர் செய்வதில்லை, ஆனால் முக்கியமானது. உங்கள் வீட்டுக்கு இறக்கிய சரக்குக்கு அவர் பணம் கட்டிவிட்டாரா, பாக்கி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். "இந்த வீட்டு வேலைக்குத்தான் எடுத்தார்" என்று கடைக்காரர் பில்லோடு உங்கள் வாசலில் வந்து நின்ற கதைகள் உண்டு. இனி என் வீட்டுப் பேரில் யாருக்கும் கடனுக்குச் சரக்கு கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். மேஸ்திரியைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை தப்பாகப் பேச வேண்டாம். அவருடைய பிழைப்பே அந்தக் கடைக் கடனில் ஓடுகிறது. நீங்கள் வந்து பொறுமையாக விசாரித்துவிட்டுப் போனீர்கள் என்ற செய்தி அன்று மாலையே அவருக்குப் போய்விடும். நீங்கள் போட்ட முப்பது போன் கால் செய்யாததை அது செய்யும். அவருடைய வீட்டு முகவரி தெரியாவிட்டால் அதையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். முகவரி இல்லாமல் பின்னால் நோட்டீஸ்கூட அனுப்ப முடியாது.

அன்று இரவு வாட்ஸ்அப்பில் எழுத்தாக ஒரு செய்தி அனுப்புங்கள். கோபம் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். இப்படி இருக்கலாம்:

"மேஸ்திரி அண்ணா, வணக்கம். பாத்ரூம், மொட்டைமாடி இரண்டுக்கும் சேர்த்து 1,80,000 பேசினோம். இதுவரை 1,20,000 கொடுத்திருக்கிறேன். பாத்ரூமில் இடிப்பு, பைப், பூச்சு, ஒரு சுவர் டைல்ஸ் முடிந்திருக்கிறது. வேலை நின்றுவிட்டது. வீட்டில் வேறு பாத்ரூம் இல்லை, அம்மாவுக்கு முடியவில்லை. வரும் வியாழக்கிழமைக்குள் ஆள் அனுப்பி வேலையை ஆரம்பியுங்கள். முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வாருங்கள், சித்தப்பாவும் இருப்பார், கணக்கைப் பார்த்து முடித்துக்கொள்ளலாம். இரண்டும் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை வேறு ஆளை வைத்து முடித்து, கூடுதலாக ஆகும் செலவை உங்கள் கணக்கில் வைப்பேன்."

வேலை, தொகை, தேதி மூன்றும் இதில் இருக்கின்றன. பேசியதை நாலு பேருக்கு முன் ஒப்பந்தமாக எழுதாதவர்களுக்கு இந்தச் செய்தியும், ஜிபே ரசீதுகளும், பழைய உரையாடலும்தான் ஒப்பந்தம். அவர் "சரி" என்று ஒரு வார்த்தை பதில் போட்டால் போதும், தொகையை ஒப்புக்கொண்டதாகிவிடும். எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றுவதாக இருந்தாலும் பழைய போனைப் பத்திரமாக வையுங்கள்.

அவர் வந்துவிட்டால்? வருவார் என்றே நினைக்கிறேன். வந்தால் பழைய முறையில் விடாதீர்கள். பாத்ரூமை மட்டும் தனி வேலையாகப் பிரித்துவிடுங்கள். மாடி இப்போதைக்கு இல்லை. இனிச் சரக்கை நீங்களே வாங்குங்கள். கூலியை மொத்தமாக அவர் கையில் கொடுக்காமல், சனிக்கிழமை சாயங்காலம் அவர் முன்னிலையில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நேராகக் கொடுங்கள். வெயிலில் கலவை சுமந்த சித்தாள் அம்மாவின் கூலி இந்தச் சண்டையில் மாட்டக் கூடாது. அப்படிக் கொடுத்ததை மீதித் தொகையிலிருந்து கழித்து நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மேஸ்திரியின் லாபப் பங்கு வேலை முடிந்து, சோதனை பார்த்த பிறகு.

வரவில்லை என்றால், அல்லது வந்து கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றால், மதிப்பு போட வேண்டும். இதை நீங்களும் அவரும் மட்டும் உட்கார்ந்து செய்யாதீர்கள். சம்பந்தமில்லாத ஒரு கொத்தனாரையோ சிவில் படித்த ஒருவரையோ கூப்பிட்டு, அவருக்கு அரை நாள் சம்பளம் கொடுத்து, முடிந்த வேலைக்கு என்ன மதிப்பு, மீதிக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். மீதி வேலையை மதிப்பு போடும் அந்த ஆளுக்குக் கொடுக்கப் போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பழைய ஆளைக் குறைத்துத்தான் பேசுவார். உதாரணத்துக்கு, முடிந்த வேலையின் மதிப்பு 70,000 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் பணத்தில் 50,000 செய்யாத வேலைக்குப் போயிருக்கிறது. மீதி வேலை பழைய ரேட்டில் 1,10,000. புது ஆள் 1,30,000 கேட்கிறார். மொத்தம் உங்களுக்கு 2,50,000 ஆகிறது, பேசியது 1,80,000. நஷ்டம் 70,000. நீங்கள் கேட்க வேண்டிய தொகை இதுதான்.

உண்மையைச் சொல்கிறேன், முழுத் தொகை திரும்பி வருவது அபூர்வம். பஞ்சாயத்தில் உட்கார்ந்தால் ஒரு பகுதியைத் தவணையாக ஒப்புக்கொள்வார்கள். சித்தப்பா முன்னால் எழுதிக் கையெழுத்தாகி, முதல் தவணை அன்றைக்கே ஜிபேயில் வந்தால், கொஞ்சம் குறைத்து முடித்துக்கொள்வதில் தப்பில்லை.

சாமான்களைப் பிடித்து வைப்பது பற்றி: வேண்டாம். சாரக் கம்பும் பலகையும் பெரும்பாலும் அவருடையதாக இருக்காது. நாள் வாடகைக்கு எடுத்தது. வாடகைக்காரர் வந்து உங்கள் வாசலில் நிற்பார், வாடகையும் ஏறும். கட்டிங் மெஷின் ஒருவேளை அவருடைய கொத்தனாருடையதாக இருக்கலாம். எல்லாவற்றையும் பட்டியல் எழுதிப் படம் எடுத்து, மழை படாமல் வையுங்கள். கணக்கு முடிக்க வரும் அன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். நீங்கள் விற்றுவிட்டாலோ மறைத்தாலோ, அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அவர் பக்கம் போய்விடும்.

போலீஸ் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்றுதான் சொல்வார்கள், அது பெரும்பாலும் சரிதான். மோசடி என்று வழக்கு நிற்க வேண்டுமானால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். இடித்து, பைப் போட்டு, சுவர் பூசிய ஆளிடம் அதைக் காட்டுவது கடினம். மிரட்டினாலோ, வீட்டில் வந்து கலாட்டா செய்தாலோ, அது வேறு விஷயம்; உடனே போங்கள்.

உங்களுக்குச் சரியான இடம் நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வீடு கட்டும் வேலையைச் சேவையாகவே கணக்கில் எடுக்கிறது. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். சென்னை வடக்குக்குத் தனி மாவட்ட ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். போவதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். ஆனால் அது பெரிய நிறுவனங்களிடம் பலிக்கிற அளவுக்குத் தனி மேஸ்திரியிடம் பலிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எழுத்து நோட்டீஸை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் இழுக்கும். இலவசச் சட்ட உதவிக்கு 15100 எண் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் அந்த உதவி கிடைக்கும், அதனால் அம்மா பெயரில் கேட்பது நல்லது.

இங்கே ஒரு நுணுக்கம். மொத்தமாகப் பேசி வேலையை ஒப்படைத்தால்தான் அது சேவை. நீங்களே கூட நின்று, நாள் கூலிக்கு ஆள் வைத்து வேலை வாங்கினால், "உன்னிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன்" என்று அவர் வாதாட இடமுண்டு. அப்படிப்பட்ட வேலையைச் சட்டம் சேவையில் சேர்ப்பதில்லை. உங்கள் விஷயத்தில் 1,80,000 என்று மொத்தமாகப் பேசியது உங்களுக்குச் சாதகம். அதனால்தான் அந்தத் தொகையைச் செய்தியில் எழுதச் சொன்னேன்.

இனி வேலைக்கு வருவோம், ஏனென்றால் பணம் போனதைவிட எனக்குக் கவலை அந்தச் சுவருக்குள் இருக்கும் பைப்பைப் பற்றித்தான். பாதியில் விட்டுப்போன வேலையின் மேல் புது ஆள் அப்படியே டைல்ஸ் ஒட்டினால், பழைய ஆளின் தப்பு உள்ளே புதைந்துவிடும். பிறகு ஆறு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுச் சுவரில் ஓதம் காட்டும். நம் பக்கம் பாதி வீடுகளுக்குப் பக்கச் சுவர் ஒட்டித்தானே இருக்கிறது.

அதனால் மேலே ஒரு கல் ஒட்டும் முன் பைப்புக்குப் பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். எல்லா வாயையும் டம்மி போட்டு அடைத்து, பம்பில் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஒட்டிய டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். டொக் டொக் என்று வெறுமையாகக் கேட்டால் பின்னால் கலவை நிரம்பவில்லை. சாக்பீஸால் குறி போடுங்கள், அதைப் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். பூசின சுவரை நகத்தால் கீறிப் பாருங்கள். மணலாக உதிர்ந்தால், தண்ணீர் காட்டாமல் விட்டிருக்கிறார்கள். இப்போது கடையில் வருகிற சிமெண்ட் பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி. கான்கிரீட்டுக்கு அதில் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரக்குறிப்பு. பூச்சுக்கும் ஒரு வாரமாவது ஈரம் வேண்டும். ஆள் வராத வீட்டில் யார் தண்ணீர் காட்டியிருப்பார்கள்?

கலவைக்கு எந்தத் தண்ணீர் பயன்படுத்தினார்கள் என்றும் அம்மாவிடம் கேளுங்கள். வடசென்னையில் பல இடத்தில் போர் தண்ணீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதே தரக்குறிப்பு. பூச்சில் கம்பி இல்லை என்றாலும் உப்புப் பூத்து பெயின்ட் உதிரும். மெட்ரோ தண்ணீரைப் பிடித்து வைத்து அதில் கலக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் வடிந்து ஓடும் சரிவு. கொடுங்கையூர், வியாசர்பாடி பக்கம் ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போகிறது, வீடு பள்ளமாகிறது. பாத்ரூம் தரை எவ்வளவு உயரத்தில் முடிகிறது, வெளியே சேம்பர் (கழிவுநீர்த் தொட்டி) எந்த மட்டத்தில் இருக்கிறது என்று டியூப் மட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் தரை போட வேண்டும். இதைப் பார்க்காமல் தரையை இறக்கிவிட்டால் பெருமழையில் கழிவுநீர் உள்ளே ஏறும். தரை டைல்ஸ் பதிக்கும் முன், வாட்டர்ப்ரூஃபிங் பூசிக் காய்ந்ததும், வெளியேறும் வாயை அடைத்துத் தண்ணீர் கட்டி 24 மணி நேரமாவது விடுங்கள். சுவரில் கோடு போட்டு வையுங்கள், தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நிற்க வேண்டும். டைல்ஸ் முடிந்த பிறகு ஒரு குவளைத் தண்ணீரை நாலு மூலையிலும் ஊற்றிப் பாருங்கள். எந்த மூலையிலும் தேங்காமல், தண்ணீர் வெளியேறும் தரை வாயான நஹானி ட்ராப்புக்கு ஓடி வர வேண்டும். தேங்கினால் கடைசித் தவணை கிடையாது.

இடித்த குப்பை இன்னும் வாசலில் கிடக்கிறதா? அதைத் தெருவில் கொட்டினால் அபராதம் உங்கள் பேரில்தான் வரும், மேஸ்திரி பேரில் வராது. மாநகராட்சியின் 1913-க்குக் கூப்பிட்டு எங்கே, எப்படிக் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புது ஆளிடம் வேலையைக் கொடுக்கும்போது முதல் வேலை கிளாசெட் இருக்கும் மூலை. சோதனை முடிந்ததும் அந்தப் பக்கத்துத் தரையையும் சுவரையும் முடித்து, கிளாசெட்டை உட்கார வைத்து, ஒரு தற்காலிகக் கதவோ திரையோ போட்டுவிட்டால் அம்மா வெளியே போக வேண்டியதில்லை. மீதிச் சுவர்களைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். வேலை வரிசை கொஞ்சம் கெடும், கொத்தனார் முணுமுணுப்பார், ஒரு நாள் கூலி கூட ஆகலாம். ஆகட்டும்.

அட்வான்ஸ் என்று மொத்தத்தில் பத்துக்கு ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதுவும் ஆதார் நகலும் முகவரியும் வாங்கிய பிறகு. தவணையைத் தேதியோடு கட்டாமல் வேலையோடு கட்டுங்கள்: பிரஷர் டெஸ்ட் நின்றால் இவ்வளவு, தண்ணீர் கட்டி நின்றால் இவ்வளவு, கிளாசெட் உட்கார்ந்தால் இவ்வளவு. அவர் இன்னொரு வீட்டையும் ஒப்புக்கொண்டிருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, எந்தெந்த நாள் வரமாட்டேன் என்று முன்பே சொல்லுகிற ஆளை நம்பிக் கொடுக்கலாம்.

மாடியைத் தனியாக, வெயில் காலத்தில், வேறு ஒப்பந்தமாக வையுங்கள். ஈரத் தளத்தில் பூசிய கெமிக்கல் உரிந்து வரும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும் என்பதால் செப்டம்பருக்குள் முடிய வேண்டும். அந்த வேலையில் பத்து சதவீதத்தைப் பிடித்து வைத்து, ஐப்பசியில் இரண்டு பெருமழை பெய்து முடிந்த பிறகு கொடுப்பதாக ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் மாடியைக் கொடுக்க வேண்டாம்.